மேஸ்திரி தரையைத் தட்டவில்லை

பதினொன்றாம் நம்பர் டோக்கன் என் சட்டைப் பையில் இருக்கிறது, உள்ளே கால்நடை டாக்டரிடம் ஆறு போயிருக்கிறது, ஆறு என்பது காதில் கட்டுப் போட்ட கறுப்பு நாய், ஏழு ஒரு கிளி, எட்டு அட்டைப் பெட்டிக்குள் இருப்பதால் என்னவென்று தெரியவில்லை, ஒன்பதும் பத்தும் டீ குடிக்கப் போயிருக்கின்றன, அதாவது அவற்றின் சொந்தக்காரர்கள். ஒருத்தருக்குப் பத்து நிமிஷம் என்றால் ஐம்பது நிமிஷம். ஐம்பது நிமிஷத்தில் நான் தண்ணீரே இல்லாத கிணற்றுக்கு ஏழரைக் குதிரை மோட்டார் விற்றிருக்கிறேன். முப்பத்தியிரண்டு வருஷம் பம்ப்செட் கம்பெனி விற்பனை ஆள், பல்லடத்திலிருந்து தாளவாடி வரைக்கும் என் வாய் போகாத தோட்டம் கிடையாது. இன்றைக்கு இந்த வாயால் நாலு வார்த்தை சொல்ல வேண்டும், நாலே நாலு, அதற்கு நாக்கு எழவில்லை. பக்கத்தில் மரகதம். மடியில் காய்கறிக் கூடை, கூடைக்குள் அவளுடைய பழைய நூல் புடவையைச் சுற்றி மேஸ்திரி. மேஸ்திரி என்பது முயல். வீட்டுக்கு வந்த முதல் நாளே சுவரோரமாக ஒரு சுற்றுப் போய், மூலைக்கு மூலை நின்று முகர்ந்து, பூச்சு சரியில்லை என்பதுபோல் மூக்கைச் சுளித்தது, மரகதம் சிரித்துவிட்டு, ‘வந்துட்டாரு பாருங்க மேஸ்திரி’ என்றாள், அந்தப் பெயரே நின்றுவிட்டது. இப்போது கூடைக்கு வெளியே இரண்டு காதுகள் மட்டும் தெரிகின்றன. காதுகளைப் பார்க்காதே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், சொல்லிக்கொண்டே பார்க்கிறேன்.

சீட்டுப் போடுகிற பெண்தான் ஆரம்பித்து வைத்தாள். ‘என்னம்மா ஆச்சு முயலுக்கு?’ என்று கேட்டாள். மரகதம் என் பக்கம் திரும்பினாள், கேள்வி காதில் விழவில்லை என்று அர்த்தம், நான் அவள் காதருகே குனிந்து சொன்னேன், அவள் பதில் சொன்னாள், காது மந்தமானவர்களுக்கே உரிய பெரிய குரலில், கூடம் முழுக்கக் கேட்கும்படி: ‘பின்னங்கால் ரெண்டும் வரமாட்டேங்குதுங்க. இழுத்துட்டுத்தான் போகுது. இந்த ஐப்பசி ஈரத்துல இடுப்புப் பிடிச்சுக்கிச்சு. இவருக்குத் தெரியும், இவரு பண்ணையிலெல்லாம் பார்த்திருக்காரு.’ இவரு. நாற்பத்தியாறு வருஷத்தில் எனக்காக இவள் ஒருத்தரிடமும் சாட்சி சொன்னதில்லை. அந்தப் பெண் எழுதிக்கொண்டே, ‘டாக்டரம்மா கேப்பாங்க, கீழ விழுந்துச்சா, யாராச்சும் தப்பாத் தூக்குனாங்களான்னு. முயலுன்னா அதுதான் முதல் கேள்வி. ஒரு கிருமி இருக்குதுங்க, அதுவும் இப்படித்தான் பின்னங்காலை வாங்கும், அதுக்கு ஒரு மாசம் மருந்து. அடின்னா வைத்தியமே வேற. யோசிச்சு வெச்சுக்குங்கய்யா’ என்றாள். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். மரகதத்துக்கு அது கேட்கவில்லை. ‘என்ன சொல்றாங்க?’ என்றாள். ‘உட்காரச் சொல்றாங்க’ என்றேன். யோசிச்சு வெச்சுக்குங்கய்யா. யோசிக்க என்ன இருக்கிறது, வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணியிலிருந்து வேறென்ன செய்துகொண்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மரகதம் உயிரோடு இருப்பதற்குச் சான்று கொடுக்க பேங்குக்குப் போயிருந்தாள். பென்ஷன்காரர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை நேரில் போய்க் கட்டைவிரல் வைத்துக் காட்ட வேண்டும், நான் முந்தின வாரமே காட்டிவிட்டேன், அதனால் வீட்டில் நான், மேஸ்திரி, என்னைப் பார்க்க வந்த ஃபிட்டர் ரங்கராஜு. ரங்கராஜுவும் நானும் ஒரே கம்பெனி, நான் விற்பேன், அவன் போய் மாட்டுவான், மாட்டிவிட்டு வந்து என்னைத் திட்டுவான். அவன்தான் கேட்டான், ‘ஏப்பா, அந்தத் தாளவாடி முயல் கதை ஒண்ணு சொல்லுவியே, இன்னொருக்கா சொல்லு.’ அந்தக் கதைக்கு முப்பத்தைந்து வயசு. முதல் தடவை சொன்னபோது அது ஒரு கிலோ முயல். நான் மொபெட்டில் போகிறேன், வெளிச்சத்தில் மாட்டி முன்னால் ஓடுகிறது, நான் வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு இறங்கி ஓடிக் காதைப் பிடித்துத் தூக்கினேன். பத்தாவது தடவை நாலு கிலோ. பின்னால் கட்டி எடுத்து வரும்போது மொபெட்டின் முன்சக்கரம் தரையைத் தொடவில்லை, ஆசனூர் செக்போஸ்ட்டில் என்னிடம் ஒற்றைச் சக்கர வண்டிக்கு லைசென்ஸ் கேட்டார்கள். நடந்தது என்னவென்றால் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கி விழுந்துகொண்டிருந்தபோது புல்லுக்கு மேலே இரண்டு காது தெரிந்தது. பஸ் திரும்பிவிட்டது. அவ்வளவுதான் எனக்கும் முயலுக்கும் ஆன சம்பந்தம், வாழ்நாள் பூராவும், மேஸ்திரி வருகிற வரைக்கும். ரங்கராஜுவுக்கு இது தெரியும். கேட்கிறவனுக்கும் தெரியும், சொல்கிறவனுக்கும் தெரியும், அதுதான் கதை. அன்றைக்கு என்ன ஆனது என்றால் சொல்கிற சூட்டில் கை சும்மா இருக்கவில்லை. மேஸ்திரி காலடியில் அருகம்புல் மென்றுகொண்டிருந்தது. ‘இப்படிப் பிடிச்சேன் பாரு’ என்றேன். பிடித்தேன். தூக்கினேன். காதோடு, பிடரித் தோலோடு. கீழே ஒரு கை கொடுக்கவில்லை. பின்னுடல் முழுசும் தொங்கியது. முயலுக்குப் பின்னங்கால்தான் ஆள், மீதியெல்லாம் அதைச் சுற்றிச் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிற பஞ்சு, அந்தக் கால் இரண்டையும் சேர்த்து அது காற்றை ஓங்கி உதைத்தது, காற்றில் உதைத்தால் உதை எங்கே போகும், திரும்பி அதன் முதுகுக்கே போயிற்று. அந்தச் சத்தம்.

கிளியை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். ஏழு. அந்தச் சத்தத்துக்கு ஓர் உவமை தேடுகிறேன். எனக்கு எதற்கும் உவமை பஞ்சமில்லை, தாராபுரம் பக்கம் ஒரு கிணற்றை வர்ணிக்கும்போது, ஆர்டர் எடுத்த அன்றைக்குக் கல்லைப் போட்டேன், மோட்டார் இறக்கப் போன அன்றைக்குத்தான் ‘தொபுக்’ என்று கேட்டது என்பேன், கேட்டவன் டீ வாங்கித் தருவான். ஆனால் இது, காய்ந்த புளியம்பழ ஓடா, இல்லை, ஓடு உடைந்தால் கொஞ்சம் நொறுங்கும், இது நொறுங்கவில்லை, விரல் சொடுக்குகிற மாதிரியா, அதுவும் இல்லை, அதில் ஒரு சுகம் இருக்கும். சின்னச் சத்தம். ரங்கராஜுவுக்கும் கேட்டது. ‘ஏப்பா, அதுக்கு ஒண்ணும் ஆகலையே?’ என்றான். ‘அதுக்கு இதெல்லாம் சோம்பல் முறிக்கற மாதிரி’ என்றேன். கீழே விட்டேன். மேஸ்திரி கட்டிலுக்கடியில் போயிற்று, போயிற்று, நடந்துதான் போயிற்று, நான் பார்த்தேன், அல்லது முன்னங்காலால் இழுத்துக்கொண்டு போனதை நடந்ததாகப் பார்த்தேன். அப்புறம் மீதிக் கதையையும் சொல்லி முடித்தேன். செக்போஸ்ட் வரைக்கும் சொன்னேன். ரங்கராஜு சிரித்தான். தூக்கினதைவிட மோசம் இது, அந்த முயல் கட்டிலுக்கடியில் கிடக்க நான் ஒற்றைச் சக்கர லைசென்ஸ் வரைக்கும் போனது.

மறுநாள் காலையில் மரகதம் கூப்பிட்டாள். ‘ஏனுங்க, இங்க வாங்க, மேஸ்திரி எந்திரிக்க மாட்டேங்குது.’ எண்ணெய் விட்ட மாதிரித் தரையில் பின்பக்கம் பரந்து கிடந்தது, முன்னங்கால் இரண்டும் ஊன்றி இழுத்துப் புல்லிடம் போகப் பார்த்தது, மூக்கு மட்டும் வழக்கம்போல ஆடிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். தூக்கினேன் மரகதம் என்று. திட்டியிருப்பாள். ஒரு வாரம் ரசத்தில் உப்பு இருந்திருக்காது. அவ்வளவுதான். அதற்குப் பதிலாக என் வாயிலிருந்து வந்தது, சாந்தமாக, கம்பவுண்டர் மாதிரி: ‘ஈரத்துக்கு இடுப்புப் பிடிச்சிருக்கும். உடுமலைப் பக்கம் ஒரு பண்ணையில பார்த்திருக்கேன். நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்ச்சு, காலை நீட்டி நீட்டி மடக்கி விட்டா மூணு நாள்ல சரியாப் போகும்.’ உடுமலையில் பண்ணை கிடையாது. அதாவது இருக்கலாம், நான் பார்த்ததில்லை. மரகதம் என் முகத்தையே பார்த்தாள். அவளுக்கு இப்போது காது பாதிதான், ஆனால் நான் அளந்தால் என் இடது புருவம் ஏறும் என்று கல்யாணமான முதல் வருஷமே கண்டுபிடித்தவள், காது போன பிறகு புருவத்தைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறாள். புருவம் ஏறவில்லை. எனக்கே தெரிந்தது ஏறவில்லையென்று. ‘சரிங்க’ என்றாள். எண்ணெயைக் காய்ச்சப் போய்விட்டாள். நான் அங்கேயே நின்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன முதல் பொய் அது. யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள், நீயா, முதல் பொய்யா என்று. ஆமாம், முதல் பொய். அதுவரை சொன்னதையெல்லாம் யாரும் நம்புவார்கள் என்று நான் சொன்னதே இல்லை.

எட்டு, அட்டைப் பெட்டி எழுந்து போகிறது, பெட்டிக்குள்ளிருந்து கோழிக் குரல், அட, கோழியா. மரகதம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெளியூர்களுக்கு ட்ரங்க் கால் போட்டுக் கொடுத்தவள். இருபத்தெட்டு வருஷம் காதில் மாட்டின கருவியோடு உட்கார்ந்து ஊரார் குரலையெல்லாம் இணைத்துவிட்டு, ரிட்டயரான பிறகு அந்தக் காதே போயிற்று. நான் சுற்றுப்பயணம் முடித்து வந்தால் மிட்டாய் வாங்கி வரமாட்டேன், கதை கொண்டு வருவேன், சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்பாள், நீளமாகப் போனால், ‘மூணு நிமிஷம் ஆச்சுங்க, நீட்டிக்கறீங்களா, வெச்சுடறீங்களா?’ என்பாள். ட்ரங்க் காலில் அப்படித்தான், மூன்று நிமிஷத்துக்கு ஒரு தடவை நடுவில் வந்து கேட்பார்கள். ‘நீட்டிக்கறேன்’ என்பேன். ‘ம்ம், அப்புறம்?’ என்பாள். காதுக் கருவி வாங்கிக் கொடுத்தோம், அவளுக்குப் பிடிக்கவில்லை, எல்லார் குரலும் ராங் நம்பர் மாதிரி இருக்கிறது என்று குங்குமச் சிமிழ் அளவு டப்பாவில் போட்டுக் கைப்பைக்குள் வைத்துவிட்டாள். அப்புறம்தான் மேஸ்திரி வந்தது, கூட வேலை பார்த்த ஒருத்தி வீடு மாறும்போது கொடுத்துவிட்டுப் போனாள். வந்த பத்தாம் நாள் நான் வெளியே போயிருந்தபோது வாசலில் மணி அடித்திருக்கிறது. மேஸ்திரி பின்னங்காலால் தரையை ஓங்கித் தட்டியிருக்கிறது, முயல் அப்படித் தட்டும், புதுச் சத்தம் வந்தால், பயந்தால். சமையலறையில் வெறுங்காலோடு நின்றிருந்த மரகதத்தின் உள்ளங்காலில் அது கேட்டிருக்கிறது. நான் வந்தபோது வாசலுக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டிருந்தாள், முகமெல்லாம் சிரிப்பு. ‘கேட்டுச்சுங்க’ என்றாள். அதற்குப் பிறகு மணி, குக்கர் விசில், கேட் திறக்கிற சத்தம், எல்லாம் மேஸ்திரி வழியாக வந்தது. மேஸ்திரிக்கு விசில் எண்ணத் தெரியும், மூன்றாவது விசிலுக்குத்தான் தட்டும் என்று நான் ரங்கராஜுவிடம் அளந்தேன். எல்லா விசிலுக்கும் தட்டும், அதுதான் நிஜம். சனிக்கிழமையிலிருந்து தரை பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை பால்காரர் மணி அடித்து அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார், நான் குளித்துக்கொண்டிருந்தேன், மரகதம் ஹாலிலேயே உட்கார்ந்து மேஸ்திரிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாளாம்.

தேய்த்தாள், மூன்று நாள். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, காலை நீட்டி நீட்டி மடக்கி. நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முயல் கத்தாது. கத்தியிருந்தால் நான் சொல்லியிருப்பேனோ என்னவோ. பல்லை நறநறவென்று அரைத்தது, மரகதத்துக்குக் கேட்கவில்லை, எனக்குக் கேட்டது. ‘சுகமா இருக்குது போல, கண்ணை மூடிக்குது பாருங்க’ என்றாள். ‘ஆமா புள்ள’ என்றேன். அவள் விரலில் மோதிரம் எண்ணெயில் மின்னிக்கொண்டிருந்தது. என்னால் உடைந்ததை அவள் கையால், போதும், இதை இந்த இடத்தில் விட்டுவிட வேண்டும். ஒன்பதும் பத்தும் டீக்கடையிலிருந்து வந்துவிட்டன, ஒன்பது பூனை, உள்ளே போனதும் தெரியவில்லை வந்ததும் தெரியவில்லை, ஊசி மட்டும் போலிருக்கிறது. பத்து போகிறது. எனக்கு இன்னும் ஒரு வழி இருக்கிறது. முதலிலேயே தோன்றிவிட்டது, ஆனால் அதைத் தோன்றாததுபோல் ஓரமாக வைத்திருந்தேன். டாக்டரம்மா கேட்பாள். நான் மேஜைப் பக்கம் குனிந்து மெல்லச் சொல்வேன், தூக்கினது நான், வெள்ளிக்கிழமை, காதைப் பிடித்து. மரகதத்துக்குக் கேட்காது. வைத்தியம் சரியாக நடக்கும். முயலுக்கு நிஜம் போய்ச் சேர்ந்துவிடும், மரகதத்துக்கு உடுமலைப் பண்ணை அப்படியே இருக்கும். யாருக்கு நஷ்டம்? நல்ல வழி. நன்றாக யோசித்து வைத்த வழி. அவளுக்குக் காது கேட்காதது எனக்கு வசதி என்று நினைக்க எனக்கு எழுபத்தாறு வயசு ஆக வேண்டியிருந்திருக்கிறது.

‘பதினொண்ணு, மேஸ்திரி!’ என்று கூப்பிட்டார்கள், கூடத்தில் யாரோ சிரித்தார்கள், கட்டட வேலைக்காரர் யாரோ வந்திருக்கிறார் என்று நினைத்திருப்பார்கள். எழுந்தேன். மரகதம் எழவில்லை. ‘இருங்க’ என்றாள். கூடையை என் கையில் கொடுத்தாள், கைப்பையைத் திறந்தாள், சிமிழை எடுத்தாள். கருவியைக் காதில் பொருத்தினாள், அது ‘கீ’ என்று ஒரு தடவை கத்தி அடங்கியது. ‘டாக்டர் சொல்றதை முழுசாக் கேக்கணும்’ என்றாள். எட்டு மாசமாக அதைத் தொடாதவள். நான் கூடையோடு நின்றேன். புடவைக்குள் அது வெதுவெதுப்பாக இருந்தது, எடையே இல்லை. இதைத்தான் நாலு கிலோ என்றேன். டாக்டரம்மா சின்ன வயசு, கண்ணாடி போட்டவள், மேஸ்திரியை எடுத்த விதத்தைப் பார்த்தேன், ஒரு கை நெஞ்சுக்கடியில், ஒரு கை பின்பக்கத்தைத் தாங்கி, தன் உடம்போடு ஒட்டவைத்து, தொங்குவதற்கு ஒன்றையும் விடாமல். அவ்வளவு சுலபம். ‘கீழ விழுந்ததா? யாராவது தூக்கினீங்களா?’ என்றாள். மரகதம் என்னைப் பார்த்தாள், நீங்களே சொல்லுங்க என்பதுபோல். ‘நான் தூக்கினேன். காதைப் பிடிச்சு. கால் தொங்குச்சு. உதைச்சுது. சத்தம் கேட்டுச்சு’ என்றேன். ‘எப்படிச் சத்தம்?’ ‘சின்னதா.’ ‘எப்போ?’ ‘வெள்ளிக்கிழமை.’ ‘இந்த எண்ணெய்?’ ‘அதுவும் நான் சொன்னதுதான். பண்ணையெல்லாம் பொய்.’ என் வாழ்நாளில் இவ்வளவு சின்னதாக நான் எதையும் சொன்னதில்லை. மரகதம் என் இடது புருவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஏற வேண்டுமென்று அவள் காத்திருந்தாளோ என்று இப்போதும் தோன்றுகிறது. டாக்டரம்மா பின்னங்கால் விரலை இடுக்கியால் அழுத்தினாள். ஒன்றுமில்லை. இன்னும் அழுத்தினாள். மேஸ்திரி தலையைத் திருப்பிப் பார்த்தது. ‘உணர்ச்சி இருக்கு, கொஞ்சமா. படம் எடுத்துப் பார்க்கலாம். வலிக்கு மருந்து தரேன். ஆறு வாரம் சின்னக் கூண்டுல வைங்க, திரும்பறதுக்கு மட்டும் இடம் போதும், தேய்க்கக் கூடாது, நீட்டக் கூடாது, அசையவே விடக்கூடாது. நடக்குமான்னு இன்னைக்கு என்னால சொல்ல முடியாதுங்கம்மா.’ மரகதம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். ‘மூணு நாள் நான் நீட்டி நீட்டி மடக்கினேனுங்களே, அதனால அதிகமாயிருக்குமா?’ டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். ‘தெரியாமச் செஞ்சதுதானேம்மா’ என்றாள்.

ஆட்டோவில் மரகதம் கருவியைக் கழற்றிச் சிமிழில் போட்டு மூடினாள். அந்த மூடி ‘டக்’ என்றது, அதுவும் சின்னச் சத்தம்தான். திட்டுவாள் என்று சிங்காநல்லூர் சிக்னல் வரை காத்திருந்தேன், மூணு நிமிஷம் ஆச்சுங்க என்றாவது சொல்வாள் என்று வீடு வரை காத்திருந்தேன். கூடையை மடியில் வைத்து இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டிருந்தாள், வண்டி பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் தன் முழங்காலை உயர்த்தி அந்தக் குலுக்கலைத் தானே வாங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து, பழைய பறவைக் கூண்டைக் கழுவித் துடைத்து, துணி விரித்து, மேஸ்திரியைப் படுக்க வைத்தாள், ஒரு கை நெஞ்சுக்கடியில், ஒரு கை பின்னால், பார்த்த ஒரே தடவையில் படித்துவிட்டாள். அப்புறம் சமையலறைக்குப் போய் அரிசி களைந்தாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வெறுங்காலோடு. நான் ஹாலில் கூண்டுக்குப் பக்கத்தில் நாற்காலியில். அப்போது வாசலில் மணி அடித்தது, தண்ணீர் கேன்காரராக இருக்கும். மேஸ்திரியின் காது இரண்டும் நிமிர்ந்தன. அதற்குக் கேட்டுவிட்டது. முதுகு ஒரு தரம் இறுகியது, பின்னால் போக வேண்டிய என்னவோ பாதி வழியில் நின்றுபோயிற்று. மணி இரண்டாவது தடவை அடித்தது. எழுந்து போய்க் கதவைத் திறந்திருக்கலாம், பத்தடி தூரம். நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை, செருப்பைக் கழற்றி, குதிகாலால் தரையை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். மரகதம் சட்டென்று திரும்பினாள். கையில் களைந்த அரிசி, முகமெல்லாம் அந்தப் பழைய சிரிப்பு, வாய் ‘கேட்டு’ என்று தொடங்கிவிட்டது. அவள் பார்த்தது கூண்டை. அங்கே படுத்திருந்ததைப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் என் காலைப் பார்த்தாள்.